டாக்டர் எர்னஸ்டின் வணக்கம்

நோயாளி உள்ளே நுழைந்ததும் டாக்டர் எர்னஸ்ட் நாற்காலியை விட்டு எழுந்து கைகூப்புகிறார். “வணக்கம்லா, வாங்க.” தோட்டத்தில் மானேஜருக்குத்தான் எல்லோரும் எழுவார்கள், மருந்தடிக்கிற பெண்ணுக்கு எழுகிற மனிதர் இவர் ஒருவர்தான். வந்தவரும் கூச்சத்தோடு கைகூப்பியாக வேண்டும். டாக்டருக்கு வேண்டியது அதுதான். கூப்பிய கையில் நகம் தெரியும். புல்லுக்கு அடிக்கிற மருந்து முதலில் தின்பது நகத்தைத்தான்.

புதன்கிழமையானால் கோலசிலாங்கூரிலிருந்து அவருடைய பழைய டாட்சன் கார் இருமிக்கொண்டே வரும். ரப்பர் உலர்த்தும் புகைவீட்டில் எரிந்த கண், எண்ணெய் ஆலையில் மந்தமான காது எல்லாம் அவருக்கு அத்துப்படி. “வயித்து வலி டாக்டர்” என்றால், “அது கெடக்கட்டும், என்னா வேலை?” என்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், அச்சாக அவர் குரல். பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கும்போது கடை முதலாளி தவுக்கே இருமினால் அங்கேயும் மலாயில் அதே கேள்வி, “கெர்ஜா அப்பா?” ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். பெண்வீட்டார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

போன புதன்கிழமை இருமலோடு வந்த, மருந்தடிக்கிற வள்ளியம்மா கைகூப்பவில்லை. இரண்டு கையும் முந்தானைக்குள்.

“என்னா வள்ளியம்மா, எனக்கு வணக்கம் கெடையாதா?”

“மருதாணி வச்சிருக்கேன் டாக்டர். கலைஞ்சிரும்.”

“காட்டு, பாப்போம். எம் மவ ஜெனவீவும் வைக்கணும்னு வீட்டுல ஒரே தொல்லை.”

தயங்கித் தயங்கி நீட்டினாள். பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்தார். இரண்டு விரலில் நகமே இல்லை.

“எழுதிடாதீங்க டாக்டர். மருந்தடிக்க ஆகாதுன்னு எழுதினா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. மவ அஞ்சாம் பாரம் படிக்கிறா.”

டாக்டர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமியைக் கூப்பிட்டார்.

“கிராணியாரே, நர்சரியில கன்னு பாத்துக்க ஒரு ஆள் வேணும்னீங்கள்ல?”

“நான் எப்ப சொன்னேன் டாக்டர்?”

“இப்ப சொல்லுங்கலா.”

“மானேஜரு ஒத்துக்கணுமே...”

“இவளுக்கு நர்சரி இல்லேன்னா, மருந்தடிக்கலாம்னு ஒருத்தருக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவரையே மருந்துத் தோம்பு தூக்கி அடிச்சிக்கச் சொல்லுங்க.”

கிராணி தலையைச் சொறிந்தார். “ஒரு ஆள்... வேணுந்தான் டாக்டர்.”

“சம்பளம் அதேதானே?”

“அதேதான், அதேதான்.”

வாசல்வரை போன வள்ளியம்மா திரும்பினாள். முந்தானையை உதறிவிட்டு, விரல்களை மறைக்காமல் கைகூப்பினாள். டாக்டரும் எழுந்தார். இந்தத் தடவை அவர் நகத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.