நிறுத்திவைத்த கருத்து

தட்டை மேஜையில் வைத்து, நின்றபடியே ஒரு கையால் சாப்பிடுகிறார் அக்கா. மறு கையின் சுட்டுவிரல் திரையை உருட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாய், ஒரு கருத்து. "இது போகட்டும். இது சந்தேகம். சீ, இதெல்லாம் ஒரு பேச்சா!" நாற்காலி இல்லாமல் இல்லை, அதில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் செய்தித்தளத்தில் வாசகர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்று முடிவு செய்வது அவர் வேலை. அலுவலகத்தில் 'கத்தரி அக்கா'. கோபித்துக்கொள்ள மாட்டார். "வெட்டுறது கொஞ்சம்தான்பா. மீதிக்கெல்லாம் வழி விடுறவளும் நான்தானே? அதுக்கு ஒரு பேர் வைங்களேன்" என்பார்.

வாசகர்களை முகம் தெரியாமலே உறவாக்கி வைத்திருக்கிறார். விடிந்ததும் வானிலைச் செய்தியோடு சண்டை பிடிப்பவர் 'சிடுசிடு மாமா'. எந்தச் செய்தியானாலும் அதன் கீழே தன் பேருந்து ஏன் வரவில்லை என்று கேட்பவர் 'பஸ் சித்தி'. மாமாவைச் சில நாள் காணாவிட்டால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. "உடம்புக்கு என்னவோ? திட்டவாவது வரக் கூடாதா?" வீட்டில் கணவரும் மாமியாரும் மல்லுக்கு நின்றால், "ரெண்டு பேர் கருத்தையும் நிறுத்தி வெச்சிருக்கேன். யோசிச்சுத் திருத்தி அனுப்புங்க" என்பாராம்.

அந்த விரல் ஒரு மதியம் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் இளம் நிருபர் ஒருத்தி, நகராட்சி தோண்டிவிட்டு மூடாமல் போட்ட குழிகளைப் பற்றி விடாமல் எழுதிவந்தாள். 'உண்மை விரும்பி' என்ற பெயரில் ஒருவர், குழியை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். ஊர் சுற்றுகிறவள், யார் யாரோடு சுற்றுகிறாளோ, இவளைக் கட்டப்போகிறவன் பாவம் என்று ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று. அன்று வந்ததன் கடைசி வரி: "இவ ஒருநாள் ஒழுங்கா வீடு போய்ச் சேர மாட்டா. கல்வெட்டுல எழுதி வெச்சுக்கோங்க."

பிறந்த வீட்டில் அந்தக் கல்வெட்டு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவருடைய அண்ணன், எதைச் சொன்னாலும் கல்வெட்டில்தான் முடிப்பார். பெண் வேலைக்குப் போகக் கூடாதென்று அப்பா குதித்த நாளில், குறுக்கே வந்து நின்று, "எந்தங்கச்சி போவா. கல்வெட்டுல எழுதி வெச்சுக்கோங்க" என்றவரும் அவரே.

"யாரோ எவனோன்னா வெட்டிட்டுப் போயிருப்பேன். கை வரலைப்பா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே பயிற்சிப் பள்ளிக்குப் போய், காரில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டியிருக்கிறார்.

"எவன் எழுதினான் இதை?"

"நீதான்."

அண்ணன் கொஞ்ச நேரம் காரின் கண்ணாடியைத் துடைத்தாராம். பிறகு, "ஊரே எழுதுது. நான் எழுதினதுதான் உன் கண்ல பட்டுச்சா?"

"ஊர் எழுதுறதையும் நான்தான் அண்ணா படிக்கிறேன்."

"அதான் வெளிய விடலையே? அப்புறம் என்ன?"

"அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கிறா. எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சு வெச்சுக்கணுமாம். இப்பல்லாம் அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போறார்."

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு தங்கையின் அழைப்பையே எடுக்கவில்லை. அண்ணியிடம் கேட்டால், "சாப்பிடுறார், தூங்குறார். பேச்சுதான் இல்ல" என்றாராம்.

அக்கா மேஜைக்கும் சன்னலுக்குமாக நடையாய் நடந்தார். 'உண்மை விரும்பி' வருகிறாரா என்று நாளெல்லாம் தேடினார். வரவில்லை. அதிலும் நிம்மதி இல்லை. "அண்ணனுக்கு அந்த ஒரு பேர்தான்னு என்ன நிச்சயம்?"

மழை பிடித்த சமயத்தில், நிருபரின் புதிய செய்தியின் கீழே ஒரு கருத்து வந்தது. அண்ணனின் சொந்தப் பெயர். பக்கத்திலேயே பயிற்சிப் பள்ளியின் தொலைபேசி எண்.

"எங்க பள்ளி வாசல்லயும் ஒரு குழி இருக்கு. படம் அனுப்பியிருக்கேன். வண்டி பழக வர்றவங்க தடுமாறுறாங்க. நகராட்சிக்கு மனு கொடுத்தேன், பதில் இல்ல. எழுதுறவங்க வந்து பார்த்தா நல்லது. முன்னாடி அந்தப் பொண்ணைத் தப்பா எழுதினவனும் நான்தான்."

அக்கா திரும்பத் திரும்பப் படித்தார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் நிருபரின் மேஜையில் வைத்தார்.

"அந்த உண்மை விரும்பி எங்கண்ணன்தான்மா. இதை விடறதா, வெட்டுறதா, நான் முடிவு பண்ணக் கூடாது. நீ சொல்லு."

அவள் திரையையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா மடிக்கணினியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.