சீலா கழுவிய சைக்கிள்

சீலா சைக்கிளைக் கிணற்றடியில் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சவர்க்காரமும் தேங்காய்ப் பொச்சும், பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணி. செயின் மூடியில் அப்பியிருந்த சேறு, கரியரில் வழிந்து காய்ந்த இடியப்பச் சொதி எல்லாம் போயிற்று. சீற்றுக்குக் கீழே ஏதோ கடதாசித் துண்டு ஊறிப் பாதி கிழிந்து ஒட்டிக் கிடந்தது. அதையும் நகத்தால் சுரண்டி எறிந்தாள். ஹாண்டிலுக்குக் கீழே, இரண்டு குழாயும் சேருமிடத்தில் பிரேம் வெடித்திருந்தது இப்போது பளிச்சென்று தெரிந்தது.

வாங்கின கடைக்கே திருப்பிக் கொண்டுபோகிற சாமான் ஊத்தையாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவள் கவலை. அவள் அப்படித்தான். பல்லுக்கொதி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போவாள். மாமி சாகக் கிடந்தபோது, அம்புலன்ஸ் வரும்வரை அவவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கணவர் ஜக்சன் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தத் துப்புரவுதான் வீட்டுக்குச் சோறு போட்டது. அன்புவழிபுரத்திலிருந்து துறைமுகப் பக்கம் இடியப்பம் கொண்டுபோகிறவர்கள் வேறும் இருந்தார்கள். பெட்டியில் போர்த்திய வெள்ளைத் துணியைப் பார்த்து ஆட்கள் சீலாவிடம்தான் வாங்கினார்கள். காலையில் துறைமுக வேலைக்காரர் கேற்றுக்குள் போய்விட்டால் பிறகு ஒன்றும் விலைப்படாது. நடந்துபோய் அந்த நேரத்தைப் பிடிக்க ஏலாது. ஜக்சனோ முதுகு பிடித்ததிலிருந்து கடலுக்குப் போவதில்லை.

சைக்கிள் வாங்கி ஒரு வருசந்தான். பிரேமுக்கு இரண்டு வருச வொறண்டி. பில்லையும் வொறண்டிக் காட்டையும் பொலித்தீன் பையில் போட்டு, பிள்ளையின் ஞானஸ்நானப் பத்திரத்தோடு அலுமாரியில் வைத்திருந்தாள். விற்ற சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் பலகை மாட்டினாலும் அது செல்லாது, பழுதுக்கு அவர்கள் பொறுப்பெடுத்தே ஆகவேண்டும் என்று மகள் லதுஷா படிப்பித்து அனுப்பினாள்.

கடை முதலாளி இராசதுரை அந்தப் பலகைக்குக் கீழேதான் இருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டுக்கும் விடிய இடியப்பம் கொடுப்பது சீலாதான். அவர் எழும்பி வந்து வெடிப்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டு விட்டிருக்கிறது, கொம்பனிப் பிழைதான் என்று அவரே சொன்னார். சீலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு அவர் குனிந்து சீற்றுக்குக் கீழே பார்த்தார்.

"இதில ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கர் எங்க?"

அவள் கழுவிய கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்க முன்னரே அவளுக்கு விளங்கிவிட்டது.

இராசதுரை கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டார். "வந்து பாருங்கோ, கல்யாணப் பொம்பிளை மாதிரிக் குளிப்பாட்டிக் கொண்டந்திருக்கிறா."

டயர் வாங்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மரியாதைக்குச் சீலாவும் சிரித்தாள்.

பில்லில் அந்த நம்பர் இருக்கிறதே என்று காட்டினாள். பில்லில் இருந்து என்ன, சைக்கிளில் இல்லையே என்றார். ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பாமல் கொம்பனி வேறு பிரேம் தராதாம். களவெடுத்த சைக்கிளையும் இப்படிக் கழுவிக் கொண்டுவரலாம்தானே என்று டயர்காரரைப் பார்த்துச் சொன்னார்.

பில் எழுதுகிற நிரோஷினி சீலாவோடு ஒரே கோயிலுக்குப் போகிறவள். "ஐயா, இது இஞ்ச வாங்கினதுதான். நான்தான் பில்..." என்று தொடங்கினாள். இராசதுரை திரும்பிப் பார்த்தார். அவள் கல்குலேற்றரைத் துடைக்கத் தொடங்கினாள்.

பாவனையாளர் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுப்பேன் என்று சீலா சொன்னாள். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது இருந்த குரல் இப்போது வரவில்லை.

"போங்கோ பிள்ளை, நான் மறிக்கேல்லை. அவையும் முதலில ஸ்டிக்கரைத்தான் கேப்பினம்."

அவர் அதை ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார். சீலா பில்லை மடித்துப் பழையபடி பொலித்தீன் பைக்குள் வைத்தாள். சைக்கிளைத் திருப்பும்போது அவர் மறுபடி கூப்பிட்டார்.

"மறந்திட்டன் பிள்ளை. நாளைக்கு வீட்டில ஆக்கள் நிக்கினம். இடியப்பம் இருபது கூடக் கொண்டு வாங்கோ. வெள்ளன வேணும்."

"எதில கொண்டு வாறது, முதலாளி?"

உள்ளேயிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இராசதுரை சேட்டுக் கையை மடித்துக்கொண்டு வீட்டுப் பக்கக் கதவால் உள்ளே போனார்.