அழியாத திறப்பு

புதுக்குடியிருப்பில் பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்று. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் வந்து சொல்வதை, அங்கே பொறுப்பாயிருந்த அக்கா மடிக்கணினியில் எழுதி வைப்பார். அந்தக் குறிப்புகளைப் பூட்டி வைக்கும் மென்பொருளைச் சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. கடவுச்சொல்லை அடித்தால் மென்பொருள் அதிலிருந்து ஒரு திறப்பை, சாவி போன்ற ஒரு குறியீட்டை, உருவாக்கும். குறிப்புகளைத் திறப்பது அதுதான். மூடியதும் அந்தத் திறப்பு கணினியின் நினைவகத்தில் தடயமில்லாமல் அழிய வேண்டும். இல்லாவிட்டால் விபரம் தெரிந்த எவனும் அதைப் பொறுக்கியெடுத்து எல்லாவற்றையும் வாசித்துவிடுவான்.

ஒரு பெண் வாய் திறக்காமலே இரண்டு முறை வந்து போனாளாம். அவளுடைய கணவன் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். எப்படியும் எடுத்துவிடுவான் என்ற பயம். அக்கா என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

மென்பொருளை மூடி, நினைவகத்தைப் பிரதி எடுத்து, திறப்பைத் தேடினேன். இல்லை. பத்துத் தரம் தேடினேன், பத்துத் தரமும் இல்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஆனையிறவுப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவள். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்.

"மூட முதல் தேடிப் பாத்தனீங்களோ? அப்ப அம்பிட்டதோ?"

"இருக்கிறது தெரிஞ்சதுதானே. அதை ஏன் தேடுவான்?"

"நாங்கள் காலமை வேலை தொடங்க முதல், இரும்புத்துண்டு தாட்டு வைச்ச இடத்தில வெடி தேடுற மிசினைப் பிடிச்சுப் பாப்பம். அதில கத்தாத மிசினோட உள்ளுக்குப் போகேலாதப்பா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் வேலையை எனக்கே சொல்லித் தருகிறாளாம். அவள் வாயை அடைக்கத்தான் மென்பொருளைத் திறந்து வைத்துத் தேடினேன். திறப்பு உள்ளே இருக்கும்போதும் இல்லை என்றுதான் வந்தது. அது நினைவகத்தில் கிடந்த வடிவம் ஒன்று, நான் தேடிய வடிவம் வேறொன்று. சரியாக்கித் தேடினால், மூடிய பிறகும் திறப்பு சுகமாக அங்கேயே கிடந்தது. வெட்கத்தோடு அதை அவளுக்குக் காட்டினேன்.

மென்பொருளை எழுதியவர்கள் திருத்திக் கொடுத்தார்கள். மூட முன்னர் இருந்தது, மூடிய பின்னர் இல்லை. இரண்டையும் கண்ணால் கண்ட பிறகுதான் புதிய பதிப்போடு பஸ் ஏறினேன்.

அக்காவின் பக்கத்துக் கதிரையில் அந்தப் பெண் இருந்தாள். மென்பொருளைப் போட்டு முடிக்கும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நான் இனிக் கதைக்கலாமோ?"

"ஓம், கதைக்கலாம்."

அவள் கதவைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் வெளியில போங்கோ."