எதையும் காட்டாத வார்ப்புரு

தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களைப் பற்றி விக்கியில் நான் எழுதிய கட்டுரையில், நேர அட்டவணைக்குக் கீழே ஒரு வெற்று வார்ப்புருவை, அதாவது ‘டெம்ப்ளேட்’டை, வைத்தேன். அதற்குள் என்ன எழுதினாலும் பக்கத்தில் தெரியாது. ‘தொகு’ பொத்தானை அழுத்துகிறவருக்கு மட்டுமே தெரியும். காலமெல்லாம் கோப்புகளில் குறிப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? ‘இந்த அட்டவணையைப் போட்டவர் ஒருநாளும் கப்பல் ஏறியதில்லை’ என்று உள்ளே எழுதினேன்.

ஆபீசில் அந்த அட்டவணையைப் போட்டவர் என் பழைய மேலதிகாரி. எங்கள் பேட்டையான டெலானிபூரில் தினமும் என்னோடு நடக்க மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். அபர்டீன் பஜாரில் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் செய்தார்.

“உன் பேஜ் படிச்சேன்யா.”

வார்ப்புருவின் அடைப்புக்குறியை மூடினேனா என்பது நினைவில்லை. மூடாவிட்டால் குறிப்பு அப்படியே வெளியே தெரியும்.

“எப்படி இருக்கு, சார்?”

“பஹுத் அச்சா. ஆனா டைம்டேபிளுக்குக் கீழ ரெண்டு வரி காலியா கிடக்கே, ஏன்?”

வெற்று வார்ப்புரு விட்டுச்செல்லும் இடைவெளி அது. அடைப்புக்குறியை மூடித்தான் இருக்கிறேன்.

“உங்க கையெழுத்துக்கு விட்ட இடம், சார்.”

“அரே, அதானே பார்த்தேன்!”

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குறிப்பை அழித்தேன். வார்ப்புருவை மட்டும் காலியாக விட்டுவைத்தேன். அவருக்குக் கையெழுத்துக்கு இடம் வேண்டுமே.