மே தின லீவில் ஒரு சேட்டு

நான் தையல்காரி என்று அப்பா எங்கள் ஊர் உயிலங்குளம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அது பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. மன்னார்ப் பக்கத்துக் கார்மென்ட்ஸ் தொழிற்சாலை ஒன்றில் நான் தைப்பது சேட்டுச் சட்டையின் கஃப் மட்டும்தான், மணிக்கட்டைச் சுற்றி வருகிற அந்தப் பட்டி. காலையில் போய் உட்கார்ந்தால் பின்னேரம் வரை கஃப், கஃப், கஃப். தைத்ததை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டால் அது எப்படிச் சேட்டாகிறது என்று எழும்பிப் போய்ப் பார்க்க டார்கெட் விடாது. மனம் சும்மா இருக்குமா? ஒரு சேட்டு முதலிலிருந்து கடைசிவரை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

போன வருசம் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அப்பா வெள்ளைத் துணி வாங்கி வந்து என் மடியில் போட்டார்.

"கலியாணத்துக்கு நீ தைச்ச சேட்டுத்தான் போடுவன். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னைக் கேக்காமல் ஏன் சொன்னனீங்கள்? எனக்குக் கஃப் மட்டும்தான் தெரியும்!"

"மிச்சத்தையும் அப்பிடியே தைக்கிறதுதானே," என்றுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். சித்தப்பா வீட்டில் நாலு பேருக்கு முன்னால் மனுசன் தலை குனிய வேண்டி வருமே என்று பயந்தேன்.

கலியாணத்துக்கு முன் எனக்கிருந்த ஒரே லீவு மே தினம். எங்கள் லைனில் கொலர் தைக்கிற சிநேகிதியைக் கூப்பிட்டேன். "லீவு நாளிலயும் மெசினோ? உனக்கு என்ன விசரே!" என்றவள், அன்று காலை கடற்கரை ஊரான அரிப்பிலிருந்து நண்டுப் பையும் கையுமாக வந்து இறங்கினாள். அவளுக்கும் கொலரைத் தவிர வேறொன்றும் தெரியாது. என்னைப்போல அவளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது.

துணியை விரித்தபிறகுதான் விசயம் உறைத்தது. எங்களிருவருக்கும் வெட்டத் தெரியாது! வெட்டுவது வேறு ஆட்கள், வேறு கட்டடம். "நீ வெட்டு", "நீ வெட்டன்" என்று கத்திரிக்கோலை மாறி மாறித் தள்ளிக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்த அப்பா உள்ளே போய்த் தன்னிடமிருந்த ஒரேயொரு நல்ல சேட்டை எடுத்து வந்தார்.

"இதைப் பிரிச்சுப் பாத்து வெட்டுங்கோ பிள்ளையள்."

புதுசு பிழையாய்ப் போனால் போடப் பழசும் இல்லை. ஆனாலும் தையலைப் பிரிக்கப் பிரிக்க எனக்குப் பயம் மறந்துபோனது. பிரித்த கைப்பகுதியைத் தரையில் விரித்தபோது அதன் மேற்பக்கம் மேடுபோல வளைந்து எழும்பி நின்றது. சேட்டுக் கையை நேரான குழாய் என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்! தோளுக்கு இடம் விட்டு எவனோ யோசித்திருக்கிறான். "இஞ்ச பாரன்! இஞ்ச பாரன்!" என்று இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம்.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மிதி மெசின், கரண்ட் மெசினில் பழகிய எங்கள் காலுக்குப் பிடிபடவில்லை. பின்பக்கமாகச் சுழன்று நூலை அறுத்தது. ஒரு கையை உள்பக்கம் வெளியாகப் பொருத்திவிட்டோம். வேலையிடத்தில் என்றால் சுப்பவைசர் காதைக் கிழித்திருப்பார். இங்கே வயிறு நோகச் சிரித்துவிட்டு மறுபடி பிரித்தோம்.

"லீவு நாள் வேலைக்கு ரெட்டைச் சம்பளம், தெரியும்தானே அப்பா?" என்றாள் சிநேகிதி.

"அப்ப ரெண்டு தரம் சாப்பிடுங்கோ," என்றார் அப்பா.

கடைசித் தெறிப் பொத்தானை நான் தைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வேலை நாளை விடக் கூடுதலாகக் குனிந்திருக்கிறோம். அதே முதுகு, அதே கண். ஏன் நோகவில்லை? சிநேகிதியிடம் கேட்டேன். "எனக்கும் விளங்கேல்ல. நோகாட்டி விடன், அதையும் ஏன் கிண்டுறாய்?" என்றாள். நான் இன்னும் கிண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கலியாணத்தன்று எனக்கு லீவு தரவில்லை. அன்று முழுக்கக் கஃப் தைத்துக்கொண்டு, தோள் பிரிந்திருக்குமோ, கொலர் சரிந்திருக்குமோ, யாரும் சிரித்திருப்பார்களோ என்று தவித்தேன். வீட்டுக்கு வந்தால் அப்பா சேட்டைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தையல் ஒன்றும் பிரியவில்லை. ஆனால் வலது கஃப் முழுக்கச் சாம்பார் மஞ்சள்! எந்தச் சேட்டைப் போட்டாலும் முழங்கை வரை சுருட்டிவிடுகிற மனுசன் அவர்.

"சாப்பிடேக்க கையை மடிச்சிருக்கலாமெல்லோ அப்பா! இவ்வளவு பாடுபட்டுத் தைச்சது!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மடிக்கத்தான் போனனான் பிள்ளை," என்றார் அப்பா. "பிறகு, நீ நாள் முழுக்க இருந்து தைக்கிறது இதைத்தானே எண்டு நினைச்சன். இதைச் சுருட்டி மறைக்க மனம் வரேல்ல."