புதுத் திடலில் அக்காள் சுமைதாங்கி

பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதே என் அக்காள் செத்துப்போனாள். அப்படி வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைப்பது. அப்பா அதை டவுண் காய்கறிச் சந்தைத் திடலில் நட்டார். ஆற்றங்கரையிலிருந்து கத்தரிக்காய்க் கூடை சுமந்து வரும் நாங்கள், இறக்கிவிட ஆள் தேடாமல், தலைச்சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்குவோம். நட்ட கல் ஒன்றின் அடிப்பக்கம் அக்காள் பெயர் வெட்டியிருந்தது. அதைத் தடவித் தடவித்தான் எனக்கு நாலு எழுத்துத் தெரிந்தது.

இது நடந்தபோது எனக்கு முப்பது வயதிருக்கும். கோயில் முன்னால் ஒரு திடல், சந்தை ஒரு திடல், நடுவே மதிலும் ஒரு முடுக்கும். மதிலை இடித்து, முடுக்கை அகல வீதியாக்கி, இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதென்று முனிசிபாலிட்டியில் முடிவு செய்தார்கள். நல்ல காரியம்தான். மழை பெய்தால் சந்தையில் முழங்கால் தண்ணீரில் நின்றவள் நான்.

சங்கிலி பிடித்து அளக்க வந்த ஓவர்சீயரிடம் போய் நின்றேன்.

“ஐயா, அது எங்க அக்கா கல்லு. அதத் தொட்டியள்னா, நான் சும்மா இருக்கமாட்டேன்.”

“தொடமாட்டோம் தாயி, போ.”

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். வேலை முடியும்வரை சந்தை வண்ணார்பேட்டையில் நடந்தது. திரும்பி வந்து பார்த்தால், பள்ளமாகக் கிடந்த எங்கள் திடலில் வண்டி வண்டியாக மண் கொட்டிக் கோயில் திடல் மட்டத்துக்கு உயர்த்தியிருந்தார்கள். தோள் உயரக் கல் இடுப்புக்கு வந்துவிட்டது. அக்காள் பெயர் மண்ணுக்குள்ளே. மேலே இரண்டு பேர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கல்லத் தொடவே இல்லியே நாங்க!” என்றார் ஓவர்சீயர்.

“கல்லத் தொடல. தரையத் தூக்கிட்டியள்லா?”

“அதனால என்ன? உக்கார நல்லாத்தான இருக்கு?”

“உக்காரவா எங்கப்பா நட்டாரு?”

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

சுமையோடு நிற்கிறவள் இறக்கிவிடக் கை கேட்டால் யாரும் மறுக்கக்கூடாது. எங்கள் ஊரில் எதிராளிகூட மறுக்கமாட்டான். மறுநாள் காலை கூடையோடு புது வீதி நடுவில் நின்றேன். எவர் வந்தாலும் விலக்கிவிட்டு, ஓவர்சீயர் வரும்வரை நின்றேன்.

“ஐயா, கொஞ்சம் கை குடுங்க.”

வேறு வழியில்லாமல் இறக்கிவிட்டார். அதற்குள் பின்னால் இன்னொருத்தி.

“எனக்கும் ஐயா. கழுத்து ஒடியுது.”

“ஏட்டி, வரிசையில வா. ஐயா ஒருத்தர்தான இருக்காக!” என்றாள் அவளுக்கும் பின்னால் நின்றவள்.

மூன்று நாள் இதே கதை. அவர் வெள்ளைக் கோட்டுத் தோளெல்லாம் செம்மண். எங்கள் வரிசையால் மாட்டுவண்டிகள் புது வீதியில் மாட்டிக்கொண்டு நிற்க, வண்டிக்காரர்கள் என்னை ஏசவில்லை, அவரை ஏசினார்கள். நாலாம் நாள், கல்லைத் தோண்டி உயர்த்தி நட, கொத்தனாரோடு வந்தார்.

“எம்புட்டு உசரம் வேணும்?” என்று கொத்தனார் கையிலிருந்த அளவுக் காகிதத்தைப் பார்த்தார்.

“காயிதத்த மடிச்சு வையும் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புது மண்ணில் நிமிர்ந்து நின்றேன். கொத்தனார் ஒரு கம்பை என் பக்கத்தில் நிறுத்தி, தோளுக்கு நேராகக் கரிக்கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குக் கல் ஏறும்வரை நான் கூடையை இறக்கவில்லை.