குக்கரில் வெறும் தண்ணீர்

என் மகன் ஓசூரிலிருந்து வந்து கூடத்தில் கேமரா வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து, என் வீட்டிலேயே எனக்கு உட்கார இடமில்லாமல் போனது.

ஃபிரிட்ஜுக்கு மேலே வெள்ளையாக ஒரு உருண்டை. நான் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். மகன் அதன் வழியாகவே பேசவும் செய்வான். காலை நீட்டி உட்கார முடியவில்லை. குளித்துவிட்டு ஈரப்புடவையோடு கூடத்தைத் தாண்ட முடியவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் என் மாமனார்கூட நெய்யத் தறிக்குழியில் இறங்கிவிட்டால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். இது பார்த்துக்கொண்டே இருந்தது.

அவன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்க்கிறவரை அப்படியே கிடந்தேன். அன்றைக்கே சொல்லிவிட்டான்: "ஒண்ணு கேமரா வைக்கணும். இல்ல, நீ என்கூட ஓசூருக்கு வந்துடணும்மா." அவன் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. பால்காரர்கூட மேலே வராத வீடு. நான் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் சின்ன காஞ்சிபுரம்தான். பெருமாள் கோயில் பக்கம் ஒரு நடை போய் வராவிட்டால் எனக்குப் பொழுது போகாது. அதனால் கேமராவுக்குத் தலையாட்டினேன்.

ஆனால் இருப்பு கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் துணிந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து அதன் மேல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் துணிக்குள்ளிருந்து மகன் குரல் வந்தது.

"அம்மா, ஒண்ணும் தெரியல, இருட்டா இருக்குதே?"

"எனக்குக் கூச்சமா இருக்குதுபா."

"நான் உன் புள்ளமா!"

"புள்ளையா இருந்தாலும் எந்நேரமும் முன்னாடியே நின்னுக்கினு இருக்க முடியுமா?"

அந்த நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. என் கல்யாணச் சீரில் வந்த குக்கர் அது. கைப்பிடி மாற்றியாயிற்று, ரப்பர் எத்தனையோ மாற்றியாயிற்று, விசில் மட்டும் தெருக்கோடிவரை கேட்கும்.

"அது என்ன, குக்கரா?"

"பின்ன, ரயிலா?"

சிரித்துவிட்டான். "சரி, துணி இருக்கட்டும். தினம் காலையில குக்கர் சத்தம் கேட்டா நான் நிம்மதியா வேலைக்குப் போவேன். கேக்கலன்னா ஆள் அனுப்புவேன். அப்புறம் ஓசூர்தான்."

அது நன்றாகத்தான் நடந்தது, ஏகாதசி வரும்வரை. ஏகாதசியன்று நான் அடுப்பு பற்ற வைப்பதில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன். கதவில் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அதுவும் மகன் போட்டதுதான். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது.

திரும்பி வந்தால் என் வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுப் பெண் தறியை விட்டு அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். கையில் பிடித்திருந்த, ஊடுநூல் ஓட்டும் நாடாக்கட்டையாலேயே கதவை இடித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே என் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் கையில் துளசியோடு எல்லாருக்கும் பின்னால் நின்று, "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான் பெரிம்மா! உன்னத்தான் தேடிக்கினு இருக்கோம்!"

மகன் போனில் கத்தினான். "வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துக்கினு வரேன். துணிமணி எடுத்து வை."

"இன்னைக்கு ஏகாதசிபா."

"அது எனக்கு இங்க எப்படிமா தெரியும்?"

"இனிமே ஏகாதசிக்கும் விசில் வரும். வரலன்னா வண்டி கொண்டா."

வாக்குக் கொடுத்துவிட்டேன்; விரதத்தன்று சமைக்கவும் கூடாது. அடுத்த ஏகாதசிக்குக் குக்கரில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அது கொதிக்கிறவரை நிலைகொள்ளாமல் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கேமரா, பூட்டு என்று இவ்வளவு செய்கிறவர்கள் என்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு கருவி செய்யக்கூடாதா என்று தோன்றியது. அதற்கு ஏகாதசி எது என்று தெரிய வேண்டும். நான் புடவை மாற்றும்போது தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். விழுந்தால் மட்டும் ஊரைக் கூப்பிட வேண்டும். ரப்பர் மாற்றினால் போதும், ஒரு ஆயுசுக்கு உழைக்க வேண்டும்.

இங்கே குக்கரில் பக்கவாட்டில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. மூடியைக் கரண்டியால் அழுத்திப் பார்த்தேன். துணிக்குள்ளிருந்து "அம்..." என்று ஆரம்பித்தான். அப்போதுதான் விசில் வந்தது. அதற்கு மேல் அவன் பேசவில்லை.

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கூப்பிட்டாள்: "பெரிம்மா! ஏகாதசியா, பொங்கலா? பெருமாள் பாத்துக்கினு இருக்காரு!"

தெருவில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவளைக் கூட்டிவந்து, ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து காட்டினேன்.

"வெறும் தண்ணிக்கா கேஸ் எரிக்கிற? 'நல்லா இருக்கேன்'னு அந்தக் கேமராகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதாதா?"

அவன் கூப்பிட்டால் பதில் சொல்வேன். நானாக அந்த உருண்டையோடு பேச்சை ஆரம்பிக்க எனக்கு வாய் வராது. "அதுங்கிட்ட என்னத்தமா பேசறது?" என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் ஏகாதசிக்கு ஏகாதசி, "தண்ணி வெந்துடுச்சா பெரிம்மா?" என்று தறியிலிருந்தே கேட்கிறாள்.

ஆவி கசிந்த அந்த ஏகாதசிக்கு மறுநாளே பெரிய காஞ்சிபுரம் போய்க் குக்கருக்கு இரண்டு ரப்பர் வாங்கி வந்தேன். ஒன்று போட்டேன், ஒன்றைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கடைக்காரர், இந்த அளவு இனிமேல் வருவது சந்தேகம் என்றார். விளக்கேற்றும்போதெல்லாம் படத்துக்குப் பின்னால் கைவிட்டு, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.